'நைஸ்' சொல்லுக்குப் பொருள் கண்ட மாலை

மனித குலத்தின் மேலான கவனத்திற்கு: 'நைஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இன்று மாலைக்குள் தமிழில் பொருள் நிர்ணயிக்கப்படும். அதுவரை பொதுமக்கள் பதற்றமின்றி இருக்கவும்.

நிர்ணயிக்கப்போகும் அகராதிக் குழு என்பது மூன்று பேரும், காற்றைத் தவிர மற்றதெல்லாம் தரும் ஒரு மின்விசிறியும். தலைமைப் பதிப்பாசிரியர்; முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் பேராழி. பிழைதிருத்தும் அக்கா. அப்புறம் துணைப் பதிப்பாசிரியர்; சுருக்கமாகத் துணை. அவருடைய ஒப்பந்தம் பேராழியின் கையெழுத்தில்தான் வருடா வருடம் நீள்கிறது.

துணைக்கு இன்று சீக்கிரம் கிளம்பியாக வேண்டும். மாமனார் வீட்டு ஒற்றை அறையில் பிள்ளைகுட்டியோடு காலம் தள்ளியவருக்கு ஒருவழியாக வாடகை வீடு அமைந்திருந்தது. புருஷன் பெண்டாட்டி இருவரும் நேரில் வந்தால்தான் சாவி என்று வீட்டுக்காரர் கண்டிப்பு. மனைவி ஏற்கெனவே அந்த வாசலில் நிற்கிறாள்.

பேராழி தொண்டையைச் செருமினார். "லத்தீன்ல 'அறியாதவன்'. பிரெஞ்சு வழியா வந்து ஆங்கிலத்துல 'முட்டாள்' ஆச்சு. அப்புறம் 'எதுக்கெடுத்தாலும் முகம் சுளிக்கிறவன்'. அப்புறம் 'நுட்பம்'. கடைசியில 'இனிமை'. எழுநூறு வருஷம் நடந்து வந்திருக்கு இந்தச் சொல்!"

"கால் வலிக்கும் சார், உட்காரச் சொல்லுங்க," என்றார் அக்கா.

பேராழி கேட்காத பாவனையில், "பொருள்: இனிய, நல்ல. மறுப்பு உண்டா?" என்றார்.

"சரியா இருக்கு சார்," என்று பையை எடுத்தார் துணை.

மேசைக்கடியில் அக்கா அவர் காலை மிதித்தார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. மறுப்பில்லாமல் தேறிய சொல் வேகாத சொல் என்பது பேராழியின் சட்டம். அதனால் அக்காவும் துணையும் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாள் சும்மா மறுத்து, கொஞ்சம் முறுக்கிவிட்டு இறங்கி வருவார்கள். இன்று துணையின் முறை. வீட்டு நினைப்பில் மறந்துபோனார்.

"மறுப்பே இல்லையா? அப்போ யாருமே யோசிக்கலை. முதல்லேருந்து வருவோம். லத்தீன்ல..."

"மறுக்கிறேன் சார்!" என்று எழுந்தார் துணை. "'நல்ல'ன்னு இங்கேயே செலவழிச்சுட்டா 'குட்'டுக்கு என்னத்தைப் போடறது?" மாமனார், ஒற்றை அறை, புழுக்கம் எல்லாம் அந்தக் குரலில் சேர்ந்துகொண்டன.

பேராழியின் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒருத்தர் பேசி எத்தனை நாளாச்சு! இதை லேசுல விடக்கூடாது." அலமாரியிலிருந்து தடிமனான நூல்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

கைபேசி அடித்தது. "வர்றீங்களா இல்லையா? இன்னொரு குடும்பம் வந்து நிக்குதுங்க," என்றாள் மனைவி.

"அஞ்சு நிமிஷம்மா."

"இதையேதான் அப்பவும் சொன்னீங்க."

"நீ கெளம்பு தம்பி, நான் பார்த்துக்கறேன்," என்றார் அக்கா.

"மறுத்தவர் இல்லாம தீர்ப்பா?" என்று பேராழி நாற்காலியைக் காட்டினார். துணை உட்கார்ந்தார்.

விளக்கு போட்ட பிறகு பொருள் ஏகமனதாகத் தேறியது: இனிய, நல்ல. பேராழி துணையின் கையைக் குலுக்கினார். கைபேசி மறுபடி அடித்தது.

"சாவியை அவங்ககிட்ட கொடுத்துட்டாரு. நேரா அப்பா வீட்டுக்கே வந்துடுங்க."

பழைய பதிப்பிலும் 'இனிய, நல்ல' என்றுதான் இருந்தது.