மீதமிருந்த ஐம்பத்தெட்டுப் பிழைகள்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பிழை. வாரத்துக்கு அந்த ஒன்றுதான். அதற்கு மேல் அனுப்பப் பிரமிளா தன்னை விடுவதில்லை.

பதினொரு மணிக்குக் காரணம் இருந்தது. ரவாங்கில், அவள் விட்டுவிட்டு வந்த வீட்டில், அவளுடைய கணவன் லிங்கேஸ்வரன் அந்த நேரத்துக்குத்தான் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான்.

பிளாஸ்டிக் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் அவன், ஒன்பது வருடத்துக்கு முன் சும்மா இருக்க முடியாமல் ஒரு மென்பொருள் எழுதினான். சின்னக் கடைக்காரர்கள் பாட்டிலிலும் டப்பாவிலும் ஒட்டுகிற லேபிளை அச்சடிக்க உதவும் மென்பொருள். காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் சொல்லலாம். அவன் பார்த்துச் சரியென்று ஒரு பொத்தானை அழுத்தினால் திருத்தம் ஏறிவிடும். அது எப்படியோ ஊர் ஊராகப் போய், இன்று போலந்தில் தேன் விற்கிறவரும் பிரேசிலில் மருந்துக்கடை வைத்திருப்பவரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று அவன் ஆங்கிலத்தில் எழுதிவைத்த விளக்கப் பக்கங்கள் மட்டும் எண்பதுக்கு மேல். லிங்கேஸ்வரனுக்கு மென்பொருள் எழுத வரும். எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வராது.

பிரமிளாவின் வேலையே பிழை திருத்துவதுதான். ஒரு பதிப்பகத்தின் பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களை வீட்டிலிருந்தே திருத்திக் கொடுக்கிறாள். கல்யாணமான புதிதில் அவன் தட்டத் தட்ட இவள் பின்னால் நின்று படிப்பாள். பிழை வந்தால் உச்சந்தலையில் ஒரு குட்டு. குட்டு வாங்குவதற்காகவே அவன் வேண்டுமென்று தப்பாக அடித்த நாட்களும் உண்டு. பிறகு குழந்தைக்காக மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கிய வருடங்களில் அவள் பின்னால் வந்து நிற்பது நின்றுபோனது. அவன் எழுதுவது நிற்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன், “ரெண்டு வாரம் இருந்துட்டு வர்றேன்” என்று புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் ஆறாவது மாதத்தில் குழந்தை தங்காமல் போயிருந்தது. மருத்துவமனையிலிருந்து அவள் வீடு திரும்பிய மறுநாள், அவன் போலந்துக்காரரின் பிரிண்டர் கோளாறுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான்.

“உலகத்துக்கே பதில் சொல்றீங்க. எங்கிட்ட பேச ஒரு வார்த்த இல்லயா?” என்று கேட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை.

அவள் கிளம்பி வந்த பிறகு ‘சாப்பிட்டியா?’, ‘அங்க மழையா?’ என்று போனில் வந்துகொண்டிருந்த செய்திகள் நாளாக நாளாகக் குறைந்து நின்றுவிட்டன. அவளாகப் போகவில்லை. அவனாக வந்து கூப்பிடவும் இல்லை. யார் முதலில் என்ன சொல்வது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வந்த மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, அவன் எழுத்தையாவது பார்க்கலாமே என்று அந்தப் பக்கங்களைத் திறந்தாள். நாலாவது வரியிலேயே ஒரு பிழை. கை சும்மா இருக்கவில்லை. ‘வாசகர் 44’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்துக்கொண்டு திருத்தத்தை அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மிக்க நன்றி, இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறீர்களே, உங்கள் நாள் இனிதாகட்டும் என்று எழுதியிருந்தான்.

முன்பின் தெரியாதவர்களிடம் எத்தனை அழகாகப் பேசுகிறான் இந்த மனிதன்! பொறாமைப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அன்றைக்கு அதை எத்தனையோ தடவை படித்தாள். அன்றே எல்லாப் பக்கங்களையும் படித்து, பிழைகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். எழுபத்தொன்பது. இதுவரை அனுப்பியது இருபத்தொன்று. மீதி ஐம்பத்தெட்டு, ஒரு வருடத்துக்கு மேல் வரும்.

கிளினிக்கில் வேலை பார்க்கும் தங்கை விஷாலினிதான் முதலில் கண்டுபிடித்தாள். ஒருநாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள்.

“என்னாக்கா இது? மாமா பேரு இருக்கு?”

“சத்தம் போடாத. அம்மா காதுல விழும்.”

“நீதானா இந்த ரீடர் ஃபார்ட்டி ஃபோர்? ஐயோ கடவுளே! சொந்தப் புருஷனுக்கே பேரு போடாம லவ் லெட்டரா?”

“லவ் லெட்டர் இல்ல. ஸ்பெல்லிங் மிஸ்டேக்.”

“அது இன்னும் மோசம் லா! எல்லாத்தயும் மொத்தமா அனுப்பிட்டு வேலயப் பாரேன்.”

“மொத்தமா அனுப்புனா ஒரு தேங்க்ஸ்தான் வரும்.”

சிரிக்க வாயெடுத்த விஷாலினி நிறுத்திக்கொண்டாள். கட்டிலில் அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள்.

“போன் பண்ணேன்க்கா.”

“பண்ணி?”

“பேசு.”

“என்னான்னு பேச?”

அடுப்படியிலிருந்து அம்மா புனிதவதியின் குரல் வந்தது. “அங்க என்னா ரெண்டு பேரும் குசுகுசுன்னு? சம்பல் தானா அரைச்சிக்குமா?”

இருபத்திரண்டாவது சனிக்கிழமை வந்தது. பன்னிரண்டாம் பக்கத்துப் பிழையை எடுத்து வைத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு அந்தப் பக்கங்களைத் திறந்தாள். அவளுக்கு முன்பாகவே ஒரு கடிதம் காத்திருந்தது.

‘வாசகர் 44 அவர்களுக்கு. வாரந்தோறும் உங்கள் விடுமுறை நாளில் எனக்காகப் பிழை தேடிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. இந்த வாரம் மூன்று நாள் விடுப்பு எடுத்து, பிழை பிடிக்கும் கருவியைக் கொண்டு எல்லாப் பக்கங்களையும் நானே திருத்திவிட்டேன். இனி உங்களுக்குச் சிரமம் இருக்காது. என்றும் நன்றியுடன், லிங்கேஸ்வரன்.’

பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். சரியாக இருந்தது. பதினைந்து, சரி. முப்பத்தொன்று, சரி. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றாவது தப்பியிருக்காதா என்று கடைசிப் பக்கம் வரை தேடினாள். வெளியே ரோட்டில் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி ஒன்று ஜன்னல் கண்ணாடி அதிரப் போனது. ஐம்பத்தெட்டில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதன் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தான்.

அன்றைக்கும் இப்படித்தான் செய்தான். மருத்துவமனையிலிருந்து அவள் வருவதற்குள் பின்னறையைக் காலி செய்திருந்தான். கொசுவலை போட்ட தொட்டில், அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய மஞ்சள் சட்டைகள், மாமியார் தைத்துக் கொடுத்த சின்ன மெத்தை, ஒன்று இல்லை. தரை கழுவிப் பினாயில் வாசனை அடித்தது. “பாத்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு எல்லாத்தயும் குடுத்துட்டேன்” என்றான். ஒரு சட்டையையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்சியில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், வாசற்படியிலேயே நின்றாள். நல்லது என்று நினைத்துச் செய்தவனிடம் என்னவென்று சண்டை போடுவது?

இப்போது மட்டும் என்னவென்று போடுவது?

யோசித்தால் செய்யமாட்டோம் என்று தெரிந்ததால் யோசிக்காமல் போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

“பிரமிளா? என்னாச்சு? அத்தைக்கு ஏதும்…”

“அம்மா நல்லாருக்காங்க.”

“ம்.”

“அந்த நாப்பத்து நாலு நான்தாங்க.”

“எது?”

“வாரா வாரம் ஒரு பிழை அனுப்புனது.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“நீயா?” என்றான். “யாரோ வயசானவருன்னு நெனச்சேன். வீட்ல தனியா இருக்காரு, பொழுது போகலன்னு. பாவமா இருந்துச்சு. சனிக்கெழம அவருக்கு என்னா எழுதலாம்னு வெள்ளிக்கெழமயே யோசிச்சி வச்சிருவேன்.”

“எனக்கு என்னா எழுதலாம்னு ஒருநாளாச்சும் யோசிச்சீங்களா?”

“தெனம். எழுதி எழுதி அழிச்சிருவேன். எதச் சொன்னாலும் உனக்கு வலிக்கும்போல இருக்கு.”

பிரமிளா நோட்டின் ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டிருந்தாள். “இன்னும் அம்பத்தெட்டு இருந்துச்சுங்க. எல்லாத்தயும் எடுத்துட்டீங்க.”

“ஐயோ, திருப்பிப் போட்டுர்றேன்!” பதறினான். “எதுவும் போகல பிரமிளா. பழசெல்லாம் உள்ள அப்படியேதான் இருக்கும். ஒரு நிமிஷ வேல. இதுல எத அழிச்சாலும் திரும்ப…”

பேச்சு நின்றுவிட்டது. அவன் எங்கே போய் நின்றான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு ஏதோ சத்தம் வந்தது. இருமுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். இத்தனை வருடத்தில் அவன் அழுது அவள் கேட்டதே இல்லை. உடைந்து, அடக்கப் பார்த்து, மறுபடியும் உடைந்து வந்தது அது. நடுவில் ஒரே ஒரு சொல், “பாப்பா…”

அழாதீங்க என்று சொல்லத் தோன்றியது. அழுங்க என்று சொல்லவும் தோன்றியது. எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்கலாம், முதுகைத் தடவலாம் என்றால் நடுவில் ஒரு மணி நேரப் பாதை கிடந்தது. போனாலும் என்ன செய்ய முடியும்?

“சோறு ஆறுது, யாருடி போன்ல?” என்று கேட்டுக்கொண்டே புனிதவதி வாசலில் வந்து நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

பிரமிளாவின் காது சூடேறி வலித்தது. நடுவில் எதுவும் தவறிவிடக்கூடாது என்று அவசர அவசரமாகப் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.