வந்தால் ஒன்று, போனால் ஒன்று

"எந்த ரோட்டைத் தாயே நான் தேய்ச்சேன்?" என்று வெண்டல் கேட்டபோது, நகர மன்ற அலுவலகத்தில் அவனுக்குப் பின்னால் நாய் உரிமத்தைப் புதுப்பிக்க நான் நின்றிருந்தேன். அவனுக்கு எழுபத்தெட்டு வயது. கண் மங்கியதும் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து, பிக்கப் வண்டியையும் விற்றுவிட்டவன். மணவாழ்க்கை முறிந்து, மூன்று பிள்ளைகளோடு யார் வீட்டு நிலவறையிலோ ஒண்டிக்கொண்டிருந்த மகள் ஜனெலுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு, கொல்லையில் ஓர் அறை வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கலாம் என்று நினைத்திருந்தான். பள்ளி திறப்பதற்குள் அவள் வந்தாக வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் எவர் புதிதாக வீடு கட்டினாலும், அந்த வீட்டால் கூடும் சாலை, பூங்கா, தீயணைப்புச் செலவுகளுக்கு ஒரு பங்கைக் கட்ட வேண்டும். சாலைப் பங்கைக் கட்டினால் வெண்டலுக்குக் கூரை போடக் காசு இருக்காது.

"வீடுன்னா ஒரு நாளைக்கு ஒன்பது தடவ வண்டி ஓடும்னு கணக்கு, வெண்டல்" என்றாள் மன்ற எழுத்தர் மார்லிஸ்.

"என்கிட்ட வண்டியே இல்லயே."

மார்லிஸ் சட்டப் புத்தகத்தைத் திறந்தாள். இருபத்தாறு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறவள், எல்லாம் மனப்பாடம். இருந்தாலும் புத்தகத்தைத் திறக்காமல் அவள் யாருக்கும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. கட்டடம் கட்டிப் பிழைக்கும் பெரிய முதலாளிக்கும் அதே புத்தகம், அதே நிதானம்.

"ஒத்துக்கலன்னா உங்க வீட்டுக்கு வர்ற வண்டிய எண்ணிக் காட்டலாம்னு இருக்கு, கொறஞ்சா பங்கும் கொறையும். ஏழு நாள். இன்ஜினியர்தான் எண்ணணும்னு இல்ல, நம்பகமான ஆள்னுதான் போட்டிருக்கு." அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "லோர்னா, உங்க வீடு எதிர்லதானே? முப்பது வருஷம் ஸ்கூல் சாப்பாட்டு வரிசையில தலை எண்ணினவங்க நீங்க."

"எப்படி எண்ணணும்?"

"வந்தா ஒண்ணு, போனா ஒண்ணு."

"வந்தவன் இங்கயே தங்கிட்டா?" என்றான் வெண்டல்.

"அப்ப பாதிக் காசு."

கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்தாள். திங்கள் காலை காபியோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலைத் தாண்டாது என்று நினைத்தேன். எட்டு மணிக்கே ஒருவன் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். மரம் வெட்டும் ரம்பத்தின் எஞ்சினை வெண்டல் காதாலேயே சரிபார்ப்பான். அப்புறம் ஒருத்தி மூடிபோட்ட பாத்திரத்தோடு வந்தாள். அப்புறம் வாரப் பத்திரிகையை வாசித்துக்காட்டும் ஆள். வெண்டல் ஓட்டுவதை நிறுத்தியதும் ஊர் அவனிடம் ஓட்டிவர ஆரம்பித்திருந்தது. இத்தனை நாள் எதிர்வீட்டில் இருந்தும் எனக்கு அது உறைத்ததில்லை. எண்ணாத வரை எதுவும் தெரிவதில்லை போலும்.

புதன்கிழமை மாலை ஒரு சிவப்புக் கார் வந்தபோது விரலை எடுத்துவிட்டேன். ஒன்று குறைந்தால் என்ன? ஆனால் சாப்பாட்டு வரிசையில் ஒரு தலையை விட்டால் எங்கோ ஒரு தட்டு குறையும். அழுத்திவிட்டு, நேரே வெண்டலிடம் போனேன்.

"ஞாயிறு வரைக்கும் யாரையும் வர வேணாம்னு சொல்லேன்டா."

"அது ஏமாத்து இல்லியா?"

"விருந்தாளிய வேணாங்கறது ஏமாத்தா?"

யோசித்தான். பிறகு ஒரு பலகையில் 'திங்கள் வரை யாரும் வர வேண்டாம் - வெண்டல்' என்று எழுதி வேலியில் மாட்டினான். மறுநாள் முழுக்க வண்டிகள். அவனுக்கு உடம்புக்கு என்னவோ என்று பார்க்க வந்தவர்கள். ஒருத்தி சூப் கொண்டுவந்தாள், இன்னொருத்தி பாதிரியாரையே கொண்டுவந்தாள். என் விரல் வலித்தது.

எட்டாம் நாள் மார்லிஸே வந்தாள். வகுத்துப் பார்த்தாள். "ஒரு நாளைக்குப் பதினாறு."

"எனக்கா?" வெண்டல் தொப்பியைக் கழற்றினான். "நம்மள யாரு எட்டிப் பாக்கறான்னு போன வாரம்தான் ஜனெல்கிட்ட புலம்பினேன்." தோற்றவன் முகமாக அது இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோற்றது நினைவுக்கு வந்தது போல உட்கார்ந்தான்.

"ஒன்பதுக்கு மேல கேக்க மாட்டேன்" என்ற மார்லிஸ் சாலைப் பக்கம் நடந்தாள். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கி வேலியோரம் சேறாகிக் கிடந்தது. மரக்கட்டை லாரி ஒன்று வளைவில் திரும்ப, அவள் சாக்கடைக்குள் கால் வைத்து விலக வேண்டியிருந்தது. ஷூவை உதறிக்கொண்டே கேட்டாள்: "பேரப்பிள்ளைங்க எந்த வழியா ஸ்கூலுக்கு நடக்கும்?"

வெண்டல் சாலையோர வெள்ளைக் கோட்டைக் காட்டினான்.

அவள் காரிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்தாள். "இந்த ரோட்டுக்கு நடைபாதை ஆறு வருஷமா பட்டியல்ல இருக்கு. உங்க வேலிகிட்ட வந்து நின்னுபோச்சு. எட்டடி நிலம் கேட்டு கடிதம் போட்டோம். நீங்க பதில் போடல."

"நேர்ல வந்து நல்லா நாலு வார்த்த சொன்னேனே. அத காகிதத்துல எழுத முடியாதுன்னு நீதான் சொன்ன."

மார்லிஸ் சிரிக்கவில்லை, பக்கத்தைப் புரட்டினாள். "பட்டியல்ல இருக்கற வேலைக்கு நிலம் குடுத்தா, அதோட மதிப்ப உங்க பங்குல கழிக்கலாம். அனேகமா சரியாப் போயிடும். மன்றம் ஒத்துக்கணும். நான் எழுதி வைக்கிறேன், அவங்க சார்பா வாக்குக் குடுக்க மாட்டேன்."

அந்த எட்டடியில்தான், புளிப்புத் தண்டில் இனிப்புப் பலகாரம் சுடும் ருபார்ப் செடிக்கு அவன் போட்ட பாத்தி இருந்தது. வெண்டல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத வேரோட பிடுங்கி எங்க வைக்கிறது?"

"என் தோட்டத்துல வை" என்றேன். "வருஷத்துக்கு ரெண்டு தடவ பலகாரம் சுட்டுத் தரேன்."

"மூணு" என்றான் வெண்டல்.

மன்றம் செவ்வாயன்று கூடுவதாக இருந்தது. பள்ளி திங்களன்றே திறந்துவிடும், ஜனெல் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை மழை விட்ட நேரம், வேலிக்குள் எட்டடி தள்ளி அடித்த குச்சிகளில் ரோஸ் நிற நாடாக்கள் ஆடிக்கொண்டிருந்தன. வளைவில் ஒரு கார் மெத்தையைத் தலையில் கட்டிக்கொண்டு விளக்கை மின்ன விட்டு நின்றது, லாரி போகட்டும் என்று. பின் கண்ணாடியில் மூன்று தலைகள். கருவியைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்து ஐந்து நாளாகிவிட்டது. கார் உள்ளே திரும்பியபோது என் கட்டைவிரல் தானாக ஒருமுறை மடிந்தது.