வலிக்காத புண்

குணாளனுக்குக் காலில் புண் வந்தது தைப்பூசத்தன்று. தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தார். உச்சிவெயிலில் தார்ரோடு கொதித்தது. மற்றவர்கள் தத்தித் தத்தி நிழலுக்கு ஓட, இவர் மட்டும் நேராக நடந்தார். முருகன் அருள் என்று கூட வந்தவர்கள் கையெடுத்தார்கள். அருளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இனிப்புநீர் நோய் அவர் பாதத்து உணர்வைத் தின்று வெகுகாலம் ஆகியிருந்தது. கொப்புளம் வந்ததே மறுநாள் மனைவி வள்ளியம்மா சொல்லித்தான் தெரியும்.

கொப்புளம் உடைந்தது. சுண்டுவிரல் பக்கம் கறுத்து நாற்றம் எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வள்ளியம்மா கெஞ்சினாள். மனுசன் அசையவில்லை. துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவன் விரல்புண்ணோடு உள்ளே போய், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வெளியே வந்தான். அவன் அந்தப் புண்ணை எவ்வளவு நாள் மூடி வைத்திருந்தான் என்று இவர் விசாரிக்கவில்லை.

"வலியே இல்ல. வலிக்காத புண்ணுக்கு எவனாவது கத்தியத் தூக்குவானா?"

அதனால்தான் இயற்கை வைத்தியத்துக்குச் சம்மதித்தார். அதன் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பாசாரில் எண்ணெய் விற்கிறவனும் வைத்தியன், நாலு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வெள்ளைக்கோட்டு மாட்டினவனும் வைத்தியன். ஆனாலும் வெட்டுகிறவனுக்கு வெட்டாதவன் மேல்.

பக்கத்து வீட்டு இத்ரீஸ் தன் காடியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு கெலுகோரிலிருந்து டவுனுக்கு வந்தான். வைத்தியம் பார்க்கிறவள் ராகினி. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், நாற்பது வயதிருக்கும்.

குணாளன் உட்காரும்போதே கேட்டார். "எங்கம்மா படிச்ச? போன்லயா?"

"இந்தியாவுல, அங்கிள். காலேஜ்ல அஞ்சு வருஷத்துக்கு மேல."

"தண்ணி ஊத்தவும் மண்ணு பூசவும் அஞ்சு வருஷமா? எருமைக்கு அது பொறக்கும்போதே தெரியும்லா."

இத்ரீஸ் சிரித்துவிட்டான். ராகினியும் சிரித்தாள்.

"எருமைக்கு இப்படிப் புண்ணு வந்து நான் பாத்ததில்ல, அங்கிள். டாக்டருக்குப் படிக்கிறவங்க மாதிரியே நாங்களும் மொதல்ல பொணத்த அறுத்துப் பாத்தோம். நரம்பு எங்க போவுது, ரத்தம் எங்க ஓடுது, எல்லாம். நோயக் கண்டுபிடிக்கப் படிச்சோம். தண்ணி, மண்ணு, சாப்பாடு, உபவாசம் எல்லாம் அதுக்கு மேலதான். கடைசியில ஆஸ்பத்திரியிலயே வேல. எல்லாரும் இப்படிப் படிச்சிட்டு வர்றதில்ல. சும்மா போர்டு மாட்டினவங்களும் இருக்காங்க. நீங்க கேட்டது சரிதான்."

அவள் சரி என்றது அவருக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்குப் போனவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

ராகினி ஒரு மெல்லிய நைலான் நரம்பை எடுத்தாள். "கண்ண மூடிக்குங்க. இது பாதத்துல பட்டா ஆமான்னு சொல்லுங்க."

தோற்கக் கூடாது என்று குணாளன் முடிவு கட்டிவிட்டார். கொஞ்சம் பொறுத்து "ஆமா" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஆமா". சோதனையில் பாஸாகிறோம் என்ற தெம்பில் மூன்றாவதைச் சத்தமாகவே சொன்னார்.

"என்னாங்க," என்றாள் வள்ளியம்மா. குரல் ஒரு மாதிரி இருந்தது. "கண்ணத் தொறங்க. அந்தப் பொண்ணு கைய மடியில வச்சிருக்கு."

நைலான் நரம்பு மேசைமேல் கிடந்தது. இந்தத் தடவை இத்ரீஸ் சிரிக்கவில்லை.

ராகினி கணுக்காலில் விரல் வைத்து நாடி பார்த்தாள். புண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"இதுல நான் ஒண்ணும் பூச மாட்டேன், அங்கிள். மண்ணு பட்டா இன்னும் கெட்டுப்போவும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"வெட்டுவானா?"

"விரல் போகலாம். பொய் சொல்ல மாட்டேன். நாளத் தள்ளினா காலே போவும்."

"அப்ப நீ எதுக்கு இருக்க?"

"ஆறினப்புறம் வாங்க. இன்னொரு புண்ணு வராம இருக்க என்ன சாப்பிடணும், எப்படி நடக்கணும்னு பாப்போம். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

காடியில் ஏறியதும் குணாளன் பொரிந்தார். "இவளும் ஆஸ்பத்திரிக்காரனுங்க ஆளுதான்லா! வீட்டுக்கு விடு, இத்ரீஸ்."

"அண்ணே..." என்று இழுத்தான் இத்ரீஸ். வண்டியைக் கிளப்பவில்லை.

"விரல எண்ணிப் பாத்தா நான் உங்களக் கட்டிக்கிட்டேன்?" என்றாள் வள்ளியம்மா. அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குணாளன் காலைத் தூக்கி மறுதொடைமேல் போட்டார். கறுத்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, பலங்கொண்ட மட்டும் அழுத்தினார். சீழ் வழிந்தது. வலி வரட்டும் என்று காத்திருந்தார். இன்னும் அழுத்தினார். வரவே இல்லை. இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குப் பயமாகத் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு விடு," என்றார்.

சுண்டுவிரலையும் அடுத்ததையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது.

மயக்கம் தெளிந்ததும் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்: "ரெண்டு எடுத்திருக்கானுங்க. அவ ஒண்ணுன்னுதானே சொன்னா?"

"போயி அவளையே கேளுங்க," என்றாள் வள்ளியம்மா. "நடந்து போகத்தான் கால் இருக்கே."