ரிமினிக்குப் போக ஒரு நல்ல நாள்

தங்கச்சி மேல் பொறாமையா, எனக்கா, என்று இராஜகுமாரி சிரிப்பாள். அவள் நன்றாக இருந்தால் நமக்குத்தானே பெருமை என்பாள். சொல்லிவிட்டு அடுப்பிலிருந்து சட்டியை அவள் இறக்கிவைக்கிற வேகத்தில் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிவாரிப் போடும்.

தங்கை ஷீபா இத்தாலியில், பொலோஞா என்ற ஊரில் இருக்கிறாள். ஒரு பெரியவரைப் பகலில் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. புருஷன் டேனிக்கு ஓட்டல் சமையலறையில் உத்தியோகம். பிள்ளை இல்லை. தங்கைக்கு ஒரு பிள்ளையைக் கொடும் ஆண்டவரே என்று இராஜகுமாரி வருஷக்கணக்காக ஜெபம் பண்ணியிருக்கிறாள். ஆண்டவர் இவள் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பர்மாவில் ஆண், பெண் என்று பாராமல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த கையோடு, ஒரே மகள் ஜாஸ்லினைப் படிப்பு விசாவில் அவசர அவசரமாகச் சித்தி வீட்டுக்கு விமானம் ஏற்றி அனுப்பினாள். யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை. அனுப்பியது இவளேதான். அதனால் எரிச்சல் இன்னும் அதிகம்.

ஜூலையில் ஒரு நாள் மதியம் கரண்ட் வந்ததும், சமையலறையில் நின்றபடியே ஃபோனில் பேசினாள். திரையில் ஜாஸ்லின் தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கட்டிலில் ஷீபா. அவள் மடியில் ஜாஸ்லினின் தலை சாய்ந்திருக்க, சீப்பை வைத்து வகிடெடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே இருந்தவரை, தலை பின்னவா என்று அம்மா கேட்டால், "நானே போட்டுக்குறேன்மா, நீ இழுத்து இழுத்துப் பின்னுறே" என்று ஓடின பெண் அது.

"அக்கா, ஜாஸுக்குக் கடல் காட்டப் போறோம்!" என்றாள் ஷீபா.

ஜாஸாம், ஜாஸ்! பெற்றவள் ஒரு நாள் அந்தப் பெயரைச் சுருக்கியதில்லை.

"ரிமினின்னு ஒரு ஊருக்கா. காலைல ரயில் ஏறினா வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம். ஸ்டேஷன்ல எறங்கி நேரா நடந்தா கடல்தான். குடையும் நாற்காலியும் வரிசையா போட்டிருப்பான், அதுக்குக் காசு. ஓரத்துல சும்மா உக்கார்ற எடமும் உண்டு. நாங்க பாய் கொண்டு போறோம். தண்ணி பாட்டிலை மொத நாளே ஐஸ் ஆக்கி வச்சுக்குவேன். எலுமிச்சஞ்சாதம், அவிச்ச முட்டை, அப்புறம் நீ குடுத்து விட்டியே பலாச்சாங், அதுல மிச்சம் இருக்கு."

அந்தப் பலாச்சாங்குக்காக இராஜகுமாரி இறாலை வாங்கிக் காயவைத்து, இடித்து, பூண்டோடு கண் எரிய எரிய வறுத்தவள். மகளுக்கென்று வறுத்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடற்கரையில் உட்கார்ந்து ஷீபா ஊட்டுவாளாம்.

"அம்மா, இதப் பாரேன்" என்று ஜாஸ்லின் ஒரு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள். நீல ரிப்பன் கட்டிய ஓலைத் தொப்பி. "சித்தி வாங்கிக் குடுத்தாங்க. நல்லாருக்கா, நோ?" பர்மியப் பிள்ளைகளைப்போல எந்த வாக்கியத்துக்கும் வால் மாதிரி ஒரு 'நோ' போடுவது அவள் வழக்கம்.

இராஜகுமாரியின் அலமாரியிலும் ஒரு தொப்பி இருக்கிறது. சவுந்தா கடற்கரைக்குப் போக வாங்கினது. ஜாஸ்லின் பத்தாவது பாஸ் செய்தால் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் உலகமெல்லாம் நோய் வந்தது. அடுத்த வருஷம் ஊரே கலவரம். அதற்கப்புறம் ரோடு சரியில்லை, பஸ்ஸை நம்ப முடியாது, அப்பாவுக்கு லீவு இல்லை. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே அது அங்கே கிடக்கிறது. பெற்றவள் காட்டாத கடலைச் சித்தி ரயிலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போகிறாள். வயிறு பற்றி எரிந்தது அவளுக்கு. மறைத்து என்ன ஆகப் போகிறது, எரிந்தது.

"நல்லாருக்கு" என்றாள்.

"அக்கா, வர்ற சனிக்கிழமை போகலாமா? காலண்டரைக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

இராஜகுமாரி வீட்டில் இரண்டு காலண்டர்கள். கூடத்தில் சர்ச் காலண்டர், மேய்ப்பரும் ஆடுகளும். சமையலறைக் கதவுக்குப் பின்னால், போதகர் வந்தால் கண்ணில் படாதபடி, பர்மாக் காலண்டர். அதில் ஒவ்வொரு பர்மிய மாசத்துக்கும் எந்தக் கிழமை பியத்ததா என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பியத்ததா என்றால் கெட்ட நாள். அன்றைக்குப் பயணம் கிளம்பக் கூடாது, புதுச் சாமான் வாங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இயேசுவே என்று கைதட்டிப் பாடுகிற குடும்பம்தான். ஆனாலும் ஷீபாவின் கல்யாணத் தேதி, டேனி விமானம் ஏறின நாள், ஜாஸ்லின் புறப்பட்ட நாள், எல்லாம் கதவுக்குப் பின்னால் பார்த்து முடிவானவை. இத்தாலிக்குப் போயும் ஷீபா அதை விடவில்லை. ஃபோனில் பார்க்கலாமே என்றால், "அதுல எனக்கு நம்பிக்கை இல்லக்கா, நீ வாயால சொன்னாத்தான்" என்பாள்.

இராஜகுமாரி கதவை இழுத்துப் பார்த்தாள். வாஸோ மாசம். சனிக்கிழமைக்கு ஒரு குற்றமும் இல்லை. சுத்தமான நாள்.

"பியத்ததாடி" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து அது வந்தது அவளுக்கே தெரிந்தது. ஷீபாவின் சீப்பு பாதியில் நின்றுவிட்டது. "அய்யய்யோ, நல்ல வேளை கேட்டேன்" என்றாள். சந்தேகம் என்று ஒரு துளி அந்த முகத்தில் இல்லை. "அப்ப வேணாம். இனிமே எனக்குச் சனிக்கிழமை லீவு ஆகஸ்ட்லதான். பெரியவரை மகன் கூட்டிட்டுப் போவாரு. அப்பப் பாத்துக்கலாம், என்ன ஜாஸ்?"

ஜாஸ்லின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். திரையை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அன்றைக்கு இராஜகுமாரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். புருஷன் ஞானசுந்தரம், "என்ன, இன்னைக்கு முகத்துல வெளக்கு எரியுது?" என்று கேலி செய்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் தங்கவில்லை. குறிப்பிட்ட சனிக்கிழமை வந்தது. இந்நேரம் கடலில் நின்றிருப்பாளே, வீட்டுக்குள் புழுங்கிக்கொண்டு கிடக்கிறாளே பிள்ளை, என்று நெஞ்சு குறுகுறுத்தது. சீ, நீயெல்லாம் ஒரு தாயா என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்கவும் செய்தாள். கேட்டாளே தவிர, ஷீபாவைக் கூப்பிட்டுச் சொல்ல மனசு வரவில்லை.

ஆகஸ்டில் ஷீபா மறுபடியும் கேட்டாள். "இந்தச் சனிக்கிழமை எப்படிக்கா? டேனிக்கும் லீவு."

இராஜகுமாரிக்குத் தாராளம் பொங்கிக்கொண்டு வந்தது. செய்த குற்றத்தை ஒரே வார்த்தையில் கழுவிவிடலாம் போலிருந்தது. "போங்கடி, போங்க! அருமையான நாள். கர்த்தர் உங்களுக்குன்னே வச்சிருக்காரு" என்றாள். கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. சனிக்கிழமை சுத்தம் என்பது போன தடவை பார்த்ததுதானே.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஞானசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். வெளியே கிளம்புகிறவன்போல வந்து, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

"பேட்டரி வாங்கப் போறேன்னீங்களே?"

"திங்கக்கிழமை வாங்கிக்கிறேன். இன்னைக்குப் பியத்ததால்ல."

"என்னது?"

"வாகௌங் மாசம் பொறந்திருச்சே. இந்த மாசம் வியாழனும் சனியும் ஆகாது. உனக்குத் தெரியாததா?"

கீரைத் தட்டு கவிழ்ந்தது. அவள் காலண்டரைப் பிடுங்கிக் கையில் எடுத்துப் பார்த்தாள். மாசம் மாறியிருந்தது. இவள் பொய்யாகச் சொன்ன கெட்ட நாளைத் தட்டிவிட்டு, நிஜமான கெட்ட நாளில் பிள்ளை கடலுக்குப் போகிறது. நீச்சல் தெரியாத பிள்ளை. குளத்தில்கூடக் கால் வைத்ததில்லை.

ஃபோனை எடுத்தாள். இணைப்பு சுற்றிச் சுற்றி நின்றது. ஜன்னலோரம் போனாள், வாசலுக்குப் போனாள், படியிறங்கித் தெருவுக்கே வந்துவிட்டாள். சைக்கா ரிக்‌ஷா மிதிக்கிறவன் மணியடித்து விலகிப்போனான். நான்காவதோ ஐந்தாவதோ தடவையில் ஜாஸ்லின் எடுத்தாள். தலையில் தொப்பி. பின்னால் பிளாட்பாரமும் ஜனமும்.

"அம்மா? ரயில் வரப்போகுது."

"போகாதே. ஏறாதே. இன்னைக்கு நாள் சரியில்லடி."

"தெரியும்மா" என்றாள் ஜாஸ்லின்.

"என்ன தெரியும்?"

அவள் கூட்டத்திலிருந்து ஒரு தூண் பக்கம் ஒதுங்கினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என் ஃபோன்லயும் காலண்டர் இருக்கும்மா. அன்னைக்கு நீ சொன்னது பொய்னு அப்பவே தெரியும். சித்திகிட்ட சொல்லல. அம்மாவுக்கு ஏதோ கஷ்டம், போக வேணாம்னு நெனைக்குறாங்க, இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா இன்னைக்கு நெஜமாவே பியத்ததா. நீ வேணாம்னு சொல்லுவே சொல்லுவேன்னு இந்த வாரம் பூரா பாத்துட்டே இருந்தேன். அருமையான நாள்னு சொல்லிட்டே. என்னைப் போனா போகட்டும்னு விட்டுட்டியோன்னு நெனச்சேன், நோ?"

இராஜகுமாரி பக்கத்துத் தேநீர்க் கடையின் முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பாக்கலடி கண்ணு. சத்தியமா காலண்டரைப் பாக்கவே இல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"அப்ப மொதல்ல ஏன் பொய் சொன்னே?"

தேநீர்க் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தாலும் அவளுக்கு இப்போது கவலையில்லை.

"வயித்தெரிச்சல்டி! அவ தலை பின்னி விடுறா, அவ தொப்பி வாங்கித் தர்றா, அவ கடல் காட்டுறா. எனக்கு என்ன மிச்சம்? அதான் சொன்னேன்."

ஜாஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "சித்தியும் இழுத்துதான்மா பின்னுறாங்க. பழகிட்டேன்." தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. "இப்ப சொல்லும்மா. ஏறட்டுமா, வேணாமா? நீ வேணாம்னா தலைவலின்னு சொல்லித் திரும்பிடுறேன். சித்திக்கு ஒன்னும் தெரியாது."

திரும்பிடுறேன் என்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண் கடலை விட்டுவிட்டு அம்மா பக்கம் வந்துவிடுவாள். ஒரு மாசத்துக்கு முன்னால் இது கிடைத்திருந்தால் இராஜகுமாரி துள்ளிக் குதித்திருப்பாள். திரையின் ஓரத்தில் ஷீபா தெரிந்தாள். ஒரு கையில் பாய், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தை நீட்டி நீட்டிப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சித்திகிட்ட ஃபோனைக் குடு" என்றாள் இராஜகுமாரி.

"அக்கா! என்னக்கா இந்நேரத்துல? பலாச்சாங் எடுத்துக்கிட்டேன், மறக்கல."

"ஷீபா, கேளு. இன்னைக்குப் பியத்ததா. நான் பாக்காம சொல்லிட்டேன். போன தடவை நல்ல நாளைக் கெட்ட நாள்னு சொன்னதும் நான்தான். வேணும்னேதான் சொன்னேன். ஏன்னு அப்புறம் உக்காந்து திட்டு. இப்ப ரயில்ல ஏறுங்க."

ஷீபா பாயைத் தரையில் இறக்கிவைத்தாள். பின்னால் டேனி, வா வா என்று கையாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏறச் சொல்றேன்ல, ஏறு! முட்டிக்கு மேல தண்ணில விடாதே. அலை வந்தா அவ கையைப் பிடிச்சுக்கோ. கெட்டியாப் பிடிச்சுக்கோ. விட்டுடாதேடி."

"அவளை விடுவேனாக்கா?" என்றாள் ஷீபா.

விடமாட்டாள். இத்தனை நாளும் இராஜகுமாரியைத் தூங்கவிடாமல் செய்தது அதுதானே.