இன்னொரு தடவை

செத்த வீட்டு வாசலில் இரண்டு பெட்டிகளையும் இறக்கி வைத்தபோது தங்கையாவுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அதை அவனே பிற்பாடு நினைத்துப் பார்த்துத்தான் குமட்டிக்கொண்டான். அன்று காலை அவன் மனசில் இருந்ததெல்லாம் ஒரே கவலைதான். பெரிய பெட்டியா, சின்னப் பெட்டியா?

மலாக்கா டவுனில் அவன் வேலை பார்த்த ஆபீஸ், தோட்டங்களுக்கு வானொலி நிகழ்ச்சி தயாரிக்கிற ஆபீஸ். ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்குவதென்று முடிவாகி, சிங்கப்பூர்க் கம்பெனிகள் இரண்டு ஆளுக்கொன்றாகப் பார்வைக்கு அனுப்பியிருந்தன. பெரியது மரப்பெட்டி. தூக்க இரண்டு பேர் வேண்டும், வேன் பேட்டரியிலிருந்து வயர் இழுக்க வேண்டும். சின்னதைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். கிராமபோனுக்குக் கொடுப்பதுபோலப் பக்கவாட்டில் சாவி கொடுத்தால் நாடா சுற்றும். இரண்டிலும் பதிந்து வா, எது நல்லதென்று நீயே எழுதிக் கொடு, சின்னது தேறினால் வாராவாரம் அரை மணி நேர நிகழ்ச்சி உன் பேரிலேயே போகும் என்று ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். துரை சொன்ன நாளிலிருந்து தங்கையாவுக்குத் தூக்கமில்லை. டுரியான் துங்கால் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரத்தடியில் பிறந்தவன் அவன். விடியலில் பால் பிடிக்கும் மங்குகள் மோதும் சத்தம், வாளியில் பால் விழும் சத்தம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி பேர் கூப்பிடும் இழுவை, எல்லாம் காதிலேயே இருந்தன. அந்த மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த மரத்துக்குள் போக முடியும்? சின்னதுதான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் ரெம்பியாவுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்துக்குப் போனால், அன்று வேலையே இல்லை. வீரமுத்து என்ற பால்வெட்டுக்காரனை முந்தின நாள் சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் பாம்பு தீண்டியிருந்தது. ஆறு மணிக்கு முள்கம்பி வேலியின் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து அரசாங்கம் போட்ட உத்தரவு அப்படி. அலோர் காஜா ஆஸ்பத்திரிக்கு லோரி தயாராக நின்றதாம், கேட்டுத்தான் திறக்கவில்லையாம். காலையில் நேரத்துக்குச் சரியாகத் திறந்தார்கள். அதற்குள் ஆள் நீலமாகிப் போய்விட்டான்.

இதைக் காதில் கேட்டவன் என்ன செய்ய வேண்டும்? வண்டியைத் திருப்ப வேண்டும், இல்லை இறங்கிப் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். தங்கையா காதைத் தீட்டிக்கொண்டான். லயத்துப் பக்கமிருந்து தப்படிக்கும் சத்தமும் அதற்கு மேலே ஒரு பெண் குரலும் வந்தன. பெட்டிகளைச் சோதிக்கத் துரை கேட்டது மூன்று: மேலும் கீழும் ஏறி இறங்கும் மனிதக் குரல், கொட்டுச் சத்தம், கூட்டத்து இரைச்சல். மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிறதே!

"சாவு வூட்லயா தம்பி?" என்றார் வேன் ஓட்டும் மீரா சாஹிப்.

"நல்ல வாய்ஸ் பாய். கேளுங்களேன்."

மீரா சாஹிப் கேட்கவில்லை. வேனை லயத்தோரம் நிறுத்திக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

கங்காணி தம்புசாமி, ஆபீஸ் ஆள் என்றதும் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு வழி விட்டார். வாசல் பெஞ்சில் வீரமுத்து கிடந்தான். உறைந்த கட்டிப்பாலின் நாற்றமும் ஊதுபத்தி வாசமும் கலந்து வந்தன. ஈ விரட்டிக்கொண்டிருந்தவளைத் தாண்டி, பெண்கள் வட்டமாகத் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வீரமுத்துவின் பெண்டாட்டி பெத்தம்மாள். முப்பது வயதிருக்கும், குரல் மட்டும் அந்த மலைக்காடு முழுக்கக் கேட்கும். தங்கையா முட்டி போட்டு மைக்கை நீட்டினான்.

"ஆறு மணி அடிச்சதுன்னு
அடச்சாங்களே கேட்டுக் கதவ
நீலம் பாஞ்சு போன பின்னே
நீளத் தொறந்தாங்களே"

பெரிய பெட்டி அட்சரம் பிசகாமல் வாங்கிக்கொண்டது. மைக் இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பிடுங்கி அவசரமாகச் சின்னப் பெட்டியில் செருகினான். பெத்தம்மாள் அடுத்த அடிகளுக்குப் போய்விட்டாள். பத்து நிமிஷம் பதிந்த பிறகு பெண்கள் ஓய்ந்தார்கள். யாரோ கறுப்புக் கோப்பி கொண்டு வந்தார்கள். சரியாக விழுந்ததா என்று பார்க்க, தங்கையா நாடாவைத் திருப்பி, புதிதாகச் சாவி கொடுத்து, அங்கேயே ஓட விட்டான்.

கீச்சுக் கீச்சென்று வந்தது. பதியும்போது சாவியை முழுக்கக் கொடுக்க மறந்திருக்கிறான். நாடா மெல்ல ஓடி வாங்கியதை இப்போது முழு வேகத்தில் ஓட்டினால் வேறெப்படி வரும்? புருஷனைப் பறிகொடுத்தவள் கோழிக்குஞ்சு மாதிரி கத்தினாள். தப்படித்தவர்களில் ஒருவன் சிரித்தே விட்டான். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பெத்தம்மாள் கோப்பியைக் கீழே வைத்தாள்.

அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். தங்கையாவோ, போச்சே, மரப்பெட்டி ஜெயித்துவிடுமே என்று பதறினான். மைக்கைப் பார்த்தான். அவளுடைய எச்சிலும் கண்ணீரும் மூக்குநீரும் அதன் வலையில் ஒட்டியிருந்தன. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தான். அவள் முகத்துக்கு நேரே, நன்றாக, இரண்டு முறை துடைத்தான்.

"அக்கா, மிஷின்ல கோளாறு. மொதல்ல பாடுனீங்கள்ல, கேட்டு அடச்ச பாட்டு. அதையே இன்னொரு தடவ பாடிருங்க. அதே மாதிரி."

பெத்தம்மாள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. கடையில் புழு விழுந்த மீனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெண்களின் தோளை வளைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். தங்கையா ஞாபகமாகச் சாவியை முழுக்கக் கொடுத்திருந்தான். பெட்டியில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒப்பாரி இரண்டு தடவை ஒரே மாதிரி வராது என்று தெரியாதா? தெரியும். ஆனால் வார்த்தை எதுவும் காதில் ஏறவில்லை. குரல் விழுகிறது, சுத்தமாக விழுகிறது என்ற சந்தோஷம் மட்டும் ஏறியது. மற்றப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்து பாடியதும், தம்புசாமி தலையைக் குனிந்துகொண்டதும்கூட, நல்ல கூட்டத்து இரைச்சல் என்றுதான் பட்டது.

திரும்பும் வழியில் மீரா சாஹிப் தொப்பியைப் போட்டுக்கொள்ளாமலே டவுன் வரைக்கும் வண்டி ஓட்டினார்.

மறுநாள் துரை அறையில் இரண்டையும் போட்டுக் காட்டினான். பெரிய பெட்டி முடிந்து சின்னது ஓடத் தொடங்கியது. துரை கண்ணை மூடிக்கொண்டார். தங்கையாவுக்கு அப்போதுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன.

"பெட்டி தூக்கி வந்த அய்யா
பெத்தவ ஒனக்கில்லையோ
எச்சி பட்டுப் போச்சுதுன்னு
எம் முன்னால தொடச்சியே
இன்னொருக்கா அழச் சொன்னே - எம்
மவராசன் என்ன
இன்னொருக்கா செத்தானோ"

உடம்பெல்லாம் கூசியது. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"அற்புதம். இரண்டாவது தடவைதான் உண்மையாக அழுகிறாள். என்ன சொல்கிறாள்?" என்றார் துரை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் நாடா குப்பைக்குப் போகும், மரப்பெட்டியை வாங்குவார்கள், நிகழ்ச்சி வேறொருவன் கைக்குப் போகும். அவ்வளவையும் அந்த ஒரு நொடியில் கணக்காக யோசித்துவிட்டான். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருந்தது.

"புருஷனைக் கூப்பிடுகிறாள், சார்."

துரை சின்னப் பெட்டியின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமைதான் முதல் நிகழ்ச்சி. ஆரம்பத்திலேயே இந்த அழுகை, அதற்கு முன்னால் ஒலிப்பதிவு செய்தவர் தங்கையா என்ற அறிவிப்பு. மாநிலத்துத் தோட்ட மண்டபங்களிலெல்லாம் ஒலிபெருக்கி கட்டியாகிவிட்டது, எல்லாரும் கேட்கட்டும் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கையா திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டான். வேன் சாவியை மாட்ட வந்த மீரா சாஹிப் வாசலில் நின்றார்.

"இதையா போடப் போறீங்க?"

"தொரைக்குப் புடிச்சிருக்கு, பாய்."

"தொரைக்கு வெளங்கல லா. ரெம்பியால வெளங்கும்ல?"

"அந்த எடத்த மட்டும் வெட்டிரலாம்."

"அந்தப் பொம்பள பாடுனத?" சாவியை ஆணியில் மாட்டினார். "வெட்டுங்க தம்பி. வெட்டிட்டு, அந்தக் கைக்குட்டையால கத்தரிக்கோலயும் தொடச்சிருங்க." செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

தங்கையா கத்தரிக்கோலை எடுத்தான். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? பெட்டி என்று தொடங்கி செத்தானோ என்று முடியும்வரை அவள் மூச்சே விடவில்லை. தன்னைப் பாடியதை வெட்டினால் வீரமுத்துவும் கூடவே போவான். இன்னொரு முறை ஓட விட்டான். கேட்டுக்கொண்டே கையைப் பையில் விட்டால் கைக்குட்டை தட்டுப்பட்டது. ஒரு மூலை காய்ந்து விறைத்திருந்தது. கையை வெளியே எடுத்து வேட்டியில் தேய்த்தான். மறுபடி தேய்த்தான்.

சின்னப் பெட்டியின் சாவி தீர்ந்துகொண்டு வந்தது. நாடா மெதுவாகச் சுற்ற, பெத்தம்மாளின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. இன்னொருக்கா அழச் சொன்னே என்கிற இடத்துக்கு வந்தபோது அது பெண் குரலாக இல்லை. கட்டைக் குரலில், வார்த்தை வார்த்தையாக இழுத்து, ஓர் ஆண்பிள்ளை அந்த அறையில் அழுதுகொண்டிருந்தான். கத்தரிக்கோலை ஒரு கையிலும் சாவியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, சாவி கொடுக்காமல், தங்கையா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.