ரேடியோவுக்குள் ஒளித்த கியர்

எஸ்பன்யோலாவில் பெலார்மினோவின் பட்டறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். வேலை முடியாத வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. சொந்தக்காரனே வந்து நின்றாலும் சரி, பிஷப்பே வந்து கேட்டாலும் சரி. அந்த ஊரில் இது ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. ஒருவன் முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த வண்டியை அவசரத்துக்குப் பெட்ரோல் போட எடுத்துப் போனான். பேரன் எடுத்த பிறகும் அவனை ‘அரைச்சட்டை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்து, ஆமை வேகத்தில் ஊர்வலம் விடுவதையே வாழ்க்கையாகக் கொண்ட ஊர் வேறு எப்படி இருக்கும்?

லியாண்ட்ரோவின் வண்டி நாற்பத்தெட்டாம் வருஷத்து ஷெவ்ரலே. முதுகு சரிந்த, திராட்சை ரச நிற வண்டி; உள்ளே ஆட்டோமேட்டிக் கியர் மாற்றிப் போட்டது. பள்ளிக்கூட பஸ் ஓட்டிச் சம்பாதித்ததையெல்லாம் அதற்குத்தான் கொட்டினான் என்று மனைவி ஓடிலியா சொல்வாள். அவர்கள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் பெலார்மினோ. அதனால் இரண்டு ஆண்களும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் கூடப் பிறந்தவனைவிட அது ஒரு படி மேல்.

நரம்பைத் தின்கிற நோய் லியாண்ட்ரோவுக்கு வலது தோளில் ஆரம்பித்தது. முதலில் பஸ் ஓட்டுவதை விட்டான். பிறகு ஒரு நாள் சொந்த வண்டியிலேயே ஸ்டியரிங் கழுத்தில் இருக்கிற கியர்க் கம்பியைத் தன் பக்கம் இழுத்துத் தூக்க முடியாமல் சர்ச் வாசலில் மாட்டிக்கொண்டான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஓடிலியா கையை நீட்டி இழுத்துவிட்டாள். 

மறுவாரம் அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். உள்ளே சின்ன மோட்டார் ஒன்று, மூளைப் பெட்டி ஒன்று, பிளாஸ்டிக் தகட்டில் நான்கு பொத்தான்கள். பொத்தானைத் தொட்டால் மோட்டார் கேபிளை இழுத்து கியரைப் போட்டுவிடும். கம்பியே வேண்டாம், ஒரு விரல் போதும். இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம், கால் இரண்டும் இன்னும் நன்றாக இருக்கின்றன, வலது ஆட்காட்டி விரலில் உயிர் மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பான் போல.

“புனித வெள்ளியன்னைக்கு சிமாயோ கோயிலுக்கு நான் ஓட்டிட்டுப் போகணும், கொம்பாத்ரே. பக்கத்துல உக்காந்து போறதில்ல. ஓட்டிட்டுப் போறது. அடுத்த வருஷத்தப் பத்தி டாக்டர் வாயத் தொறக்கல.”

பெலார்மினோ பிளாஸ்டிக் தகட்டைத் திருப்பிப் பார்த்தான். முகம் சுளித்தது.

“என்னடா இது, மைக்ரோவேவ் அடுப்புல இருந்து பிடுங்கின மாதிரி இருக்கு. இத உன் டேஷ்போர்டுல வச்சா ஊரே சிரிக்கும். என்கிட்ட விடு.”

அவனுக்கு அப்போதே யோசனை உதித்துவிட்டது. அந்த வண்டியில் பழைய ரேடியோ ஒன்று உண்டு. ஐந்து பொத்தான் வைத்தது, அது பாட்டுப் பாடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கியரை அந்த ரேடியோவுக்குள் ஒளித்துவிட்டால்? பார்க்கிறவன் கியர் எங்கே என்று தேடித் தேடி மண்டை காய வேண்டும். லியாண்ட்ரோவுக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாதிரி குறும்பு அவனுக்கும் பிடிக்கும். நண்பனுக்காகத்தான் செய்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நண்பனுக்கு மட்டும்தானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குவதற்குள் மோட்டார், கேபிள், மூளைப் பெட்டி எல்லாம் பொருந்திவிட்டன. ஒவ்வொரு கியரும் எங்கே நிற்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. ரேடியோ முகப்பு மட்டும் முலாம் பூச ஆல்புகர்க்கி நகரத்துக்குப் போயிருந்தது. டேஷ்போர்டில் இருந்த ஓட்டை வழியே அந்த மைக்ரோவேவ் பொத்தான்கள் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் லியாண்ட்ரோ தானே நடந்து வந்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்தான், பிரேக்கை மிதித்தான், தொங்கிய தகட்டை மடியில் வைத்து விரலால் தொட்டான். அடியில் மோட்டார் முனகியது, வண்டி லேசாக உலுக்கிக் கியரில் விழுந்தது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆற்றங்கரை வரைக்கும் போய்விட்டு வந்துவிடுகிறேன், சந்து வழியாக, ஒருத்தர் கண்ணிலும் படாமல் என்று கேட்டான்.

பெலார்மினோ ஜன்னல் வழியே கையை விட்டு சாவியை அணைத்தான்.

“டேஷ்போர்டுல ஓட்டையோடயா? செத்தாலும் விடமாட்டேன். ரேடியோ மூஞ்சி வரட்டும், ராஜா மாதிரி ஓட்டிட்டுப் போ. ஆறு எங்க ஓடிப்போகுது?”

“சரி, நீதான் பெரிய மனுஷன்,” என்றான் லியாண்ட்ரோ. இருவரும் சிரித்தார்கள்.

முலாம் பூசி வந்த முகப்பின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. பெலார்மினோவைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாது. திருப்பி அனுப்பினான். முலாம்காரர் ஈஸ்டர் நெரிசலில் இருந்தார், எல்லா ஊர் பம்பர்களும் அவரிடம்தான் கிடந்தன. இதற்கிடையில் ரேடியோ பொத்தான்கள் லொடலொடவென்று ஆடாமல் இருக்க உள்ளே நல்ல கனமான ஸ்பிரிங் வைத்தான். அழுத்தினால் டக்கென்று உள்ளே போய் டக்கென்று திரும்பி வர வேண்டும். தன் கட்டை விரலால் நூறு தடவை அழுத்திப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான். துருப்பிடித்த போல்ட்டையே திருகி எடுக்கிற கட்டை விரல் அது.

புனித வாரத்தில் வேலை முடிந்தது. ஓடிலியா கணவனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தாள். பெலார்மினோ துணியை உருவினான். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. கம்பி இல்லை, தகடு இல்லை, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்தது போல ஒரு பழைய ரேடியோ. லியாண்ட்ரோ வெகுநேரம் பார்த்தான். பிறகு விரலைப் பொத்தானில் வைத்து அழுத்தினான். பொத்தான் அசையவில்லை. தோளைச் சாய்த்து உடம்பையே முட்டுக்கொடுத்து அழுத்தினான். விரல்தான் பின்பக்கம் வளைந்தது.

 ஓடிலியாதான் பேசினாள், திட்டுகிற குரலில்கூட இல்லை.

“தெனமும் காலைல டேபிள் விளிம்புல அழுத்தி அழுத்திப் பழகினாரு. மாவுக்கட்டி வச்சும் பழகினாரு. போன மாசம் வரைக்கும் மாவுல குழி விழுந்துச்சு.”

பெலார்மினோ முகப்பைக் கழற்றினான். அத்தனை அக்கறையாக வைத்த ஸ்பிரிங்குகளைக் குறடால் வெட்டி எறிந்தான், புது முலாமில் கீறல் விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பொத்தான் இப்போது மூச்சு பட்டால் போகிற அளவுக்கு இளகிவிட்டது. லியாண்ட்ரோ தொட்டான். கியர் விழுந்தது. பட்டறை முற்றத்தில் வண்டி நான்கடி நகர்ந்திருக்கும், இடது கை ஸ்டியரிங்கிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. எடுத்து வைத்தான், மறுபடி விழுந்தது. வண்டி சுவரைப் பார்த்துப் போனது. ஓடிலியா எட்டிச் சாவியை அணைத்தாள். ஆற்றங்கரை வரைக்கும் போகிற தெம்பு அந்தக் கையில் இருந்த நாள் எது என்று பெலார்மினோவுக்குத் தெரியும். அன்று சாவியை அணைத்தது யார் என்பதும் தெரியும். அவன் முற்றத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். லியாண்ட்ரோ அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புனித வெள்ளியன்று ஓடிலியாதான் ஓட்டினாள். சாலை ஓரமெல்லாம் சிலுவை சுமந்தபடி யாத்திரிகர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பெலார்மினோ தன் பழைய டிரக்கில் பின்னாலேயே போனான். கோயில் திடலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நோய் தீர்க்கும் என்று ஊர் நம்புகிற புனித மண்ணை எடுக்க ஓடிலியா உள்ளே போன பிறகு, லியாண்ட்ரோ பெலார்மினோவைக் கண்ணால் கூப்பிட்டான்.

“என்னத் தூக்கி ஸ்டியரிங் பக்கம் வை.”

பெலார்மினோ தூக்கினான். எலும்பு மட்டும்தான் இருந்தது. கைகள் இரண்டையும் மடியில் சேர்த்து வைத்து, மேலே போர்வையை இழுத்துவிட்டான். அதற்குள் வண்டி பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கியர் எங்கே, கியர் எங்கே என்று குனிந்தும் நிமிர்ந்தும் தேடினார்கள். லியாண்ட்ரோ கொஞ்ச நேரம் தேடவிட்டு, ரேடியோவைப் பார்க்கச் சொன்னான். ஒருவன் விசில் அடித்தான். அரைச்சட்டை கூட வந்து தலையை உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டு, எப்படிப் போகிறது என்று கேட்டான்.

“ஒத்த விரல் போதும். வெண்ணெய் மாதிரி விழுது,” என்றான் லியாண்ட்ரோ.

“எஸ்பன்யோலால இருந்து நீயேவா ஓட்டிட்டு வந்தே? உடம்பு முடியலன்னு சொன்னாங்களே.” அரைச்சட்டை பெலார்மினோ பக்கம் திரும்பினான். “நெசமாவா?”

“அவன்தான் ஓட்டிட்டு வந்தான். நான் பின்னாடியே வந்தேன், பாத்துக்கிட்டே,” என்றான் பெலார்மினோ. அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த வண்டியைப் பார்க்கக் கூட்டம் நகர்ந்தது. லியாண்ட்ரோ கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“ஓடிலியா வர்றதுக்குள்ள என்னைய அந்தப் பக்கம் தூக்கி வச்சிடு, கொம்பாத்ரே. அவ பாத்தா அழுவா.”