காலைக் காபியும் ஓர் அற்புத விசாரணையும்

மருந்துக்கடைக்காரர் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் அடுப்புப் பக்கம் போனவர் இல்லை. வெந்நீர் வேண்டுமென்றாலும் கூடத்தில் உட்கார்ந்தபடி குரல் கொடுக்கிற ஜாதி. அப்பேர்ப்பட்டவர் நாலு வருஷமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து மனைவிக்குத் தன் கையால் காபி போட்டுக் கொடுத்தார். அதில்தான் வம்பே வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கூடவே, இந்த வகைக்கு அறுவையும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், தினம் ஒரு மாத்திரை போதும், ஆனால் நிறுத்தினால் நோய் திரும்ப வரும் என்றும் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாத்திரைதானே, கடையே நம்முடையதுதானே என்று துள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மனைவி மாத்திரை அட்டையை ஒரு விரலால் மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டாள்.

"வேணாங்க. நான் மதர்கிட்ட ஒப்படைச்சுட்டேன்."

மதர் என்பவர் நாற்பது வருஷத்துக்கு முன் காலமான கன்னியாஸ்திரி, பக்கத்துத் தெரு அநாதை இல்லத்தை ஆரம்பித்தவர். அவருக்குப் புனிதர் பட்டம் வாங்கிக்கொடுத்துவிட வேண்டும் என்று பங்குக் கோயிலைச் சேர்ந்த மக்களுக்குத் தீராத ஆசை. அதற்கு மருத்துவமே கையை விரிக்கிற மாதிரி ஓர் அற்புதம் வேண்டும். அதுதான் கிடைக்காமல் இருந்தது.

"ஜெபமும் பண்ணு, மாத்திரையும் சாப்பிடு. யாரு வேணாம்னா?" என்றார் இவர்.

"ரெண்டையும் சேத்துப் பண்ணி எனக்குக் குணமானா, எதனால ஆச்சுன்னு எப்படித் தெரியும்?"

பரிசோதனை என்றால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று மருந்துக்கடைக்காரருக்குக் கல்லூரியில் மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய மனைவி அதையே அவர் முகத்துக்கு நேரே சொல்கிறாள். கெஞ்சினார், கத்தினார், இரண்டு வேளை பட்டினி கிடந்து பார்த்தார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. மறுநாள் மதரை வேண்டி நவநாள் ஜெபத்தைத் தொடங்கினாள். அதே மறுநாள் காலையில் இவர் அடுப்படியில் நின்றார்.

மருந்து பொடிக்கிற சின்னக் கல்வத்தைக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தார். மாத்திரையை மாவாக்கிக் கோப்பையில் போட்டு, கசப்பு தெரியாமலிருக்க டிகாஷனைக் கன்னங்கரேலென்று இறக்கி, சர்க்கரையைக் கணக்கில்லாமல் கொட்டினார். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கஷாயம் மாதிரி இருக்கு. ஆனா நீங்க போட்டதாச்சே" என்று சொட்டு விடாமல் குடித்தாள். அவர், திருட்டு வேலை பார்க்கிறவனுக்கு அழுகை ஒரு கேடா என்று தன்னையே திட்டிக்கொண்டு கோப்பையைக் கழுவி வைத்தார்.

மூன்று மாதத்தில் ரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்தது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்க, தொட்டதே இல்லை என்று மனைவி சத்தியம் செய்ய, இதற்கு மருத்துவ விளக்கம் தெரியவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பங்கே திமிலோகப்பட்டது. நன்றித் திருப்பலியில் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அற்புதத்தைச் செய்த ஆள் வாசல் பக்கம், செருப்புகளுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார்.

குணம் நிலைத்திருக்க வேண்டும் என்பது திருச்சபையின் கறாரான விதி. நிலைக்கவைக்கிற பொறுப்பு மருந்துக்கடைக்காரர் தலையில் விழுந்தது. நாலு வருஷம் அவர் ஊரை விட்டு ஒரு ராத்திரி நகரவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. காய்ச்சல் கொதிக்கும்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "எனக்குத்தான் நல்லாயிடுச்சே, நானே போட்டுக்கறேன்" என்று மனைவி எழுந்தால், "சும்மா உக்காரு" என்று பாய்வார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்களிடம் இவரைக் காட்டிச் சண்டை போட்டார்கள்.

கடைசியில் அற்புதத்தை விசாரிக்கிற ஆயர் இல்லத்திலிருந்து அவருக்கும் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் விசாரணைச் சாமியாரும், மருத்துவக் குழுவின் டாக்டரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பைபிளில் கை வைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார் மருந்துக்கடைக்காரர். கை வியர்த்திருந்ததால் அட்டையில் ஈரம் படிந்தது.

"பயப்படாதீங்க" என்றார் சாமியார். "வர்ற நூறு விண்ணப்பத்துல தொண்ணூத்தொன்பதத் தள்ளுபடி பண்றதுதான் என் வேலை. உங்க மனைவியோடது ஒண்ணுதான் இன்னும் நிக்குது."

"கண்ணுக்குக் கீழ அடிக்கடி வீக்கம் வருதுன்னு ரிப்போர்ட்ல இருக்கே?" என்றார் டாக்டரம்மா. அந்த மாத்திரையின் பக்கவிளைவு அதுதான் என்பது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

"ஜெபத்துல ரொம்ப அழுவாங்க" என்றார் இவர்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். சாமியார் ஒரு தாளை எடுத்தார்.

"உங்க மனைவி வாக்குமூலத்துல ஒரு விஷயம் சொல்லியிருக்காங்க. 'நவநாள் ஆரம்பிச்ச முதல் நாளே மதர் எனக்கு ஒரு அடையாளம் குடுத்தாங்க. இருபத்தாறு வருஷமா அடுப்பையே பாக்காத என் வீட்டுக்காரர் எழுந்து எனக்குக் காபி போட்டுக் குடுத்தார். அப்பவே எனக்குக் குணமாயிடும்னு தெரிஞ்சுபோச்சு.' இது வாஸ்தவமா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கக் குனிந்தார். மருந்துக்கடைக்காரருக்கு முகம் எரிந்தது. வாஸ்தவம்தான் என்று முனகினார்.

"நல்லது. கடைசியா ஒண்ணு. குழுவுக்குச் சந்தேகமே இருக்கக் கூடாதுன்னு, அவங்கள மூணு மாசம் கன்னியர் மடத்துல தங்கவெச்சுப் பாக்கப்போறோம். சாப்பாடு, காபி எல்லாம் சிஸ்டர்ங்க பொறுப்பு. வெளியிலேருந்து ஒரு பருக்கை உள்ள வராது. நேத்தே அவங்க சம்மதிச்சுட்டாங்க."

மூன்று மாதம். தொண்ணூறு மாத்திரை. மருந்துக்கடைக்காரர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். இவர்களுடைய விஞ்ஞானத்தில் ஓட்டை உடைசல் இல்லை, அதுதான் அவளைக் கொல்லப்போகிறது. உண்மையைச் சொன்னாலோ, அவள் வீம்புக்காரி, இனி அந்தக் காபியைத் தொடமாட்டாள். அப்போதும் சாவுதான். ஆனால் மடத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் இவரால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டிலென்றால் காலில் விழவாவது முடியும்.

"காபியிலதான் போட்டேன்" என்றார்.

"எத?"

"மாத்திரைய. ஆயிரத்து நானூத்துச் சொச்சம் நாளா."

டாக்டரம்மா பேனாவை மூடினார். சாமியார் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்க சொன்னது இந்த அறையத் தாண்டாது. விண்ணப்பம் தள்ளுபடின்னு மட்டும் அவங்களுக்குக் கடிதம் வரும். காரணத்த நீங்கதான் சொல்லணும்" என்றார். பிறகு, தான் சாமியார் என்பதை மறந்து, "ஒரு நாள்கூட விட்டதில்லையா?" என்று கேட்டார்.

"இல்ல, ஃபாதர்."

வீட்டில் மனைவி மடத்துக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் நின்றவாறே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கீங்க."

"உயிரோட வெச்சிருக்கேன்."

"கோயில்ல மைக்கப் பிடிச்சுச் சாட்சி சொன்னேங்க. எத்தன நோயாளிங்க வந்து என் கையப் பிடிச்சுட்டு அழுதாங்க. அவங்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது?"

அவருக்கு அது தோன்றியதே இல்லை. தன் வீட்டு அடுப்படிக்கு வெளியே அந்தக் காபி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"அந்தக் காபிய முதல் அடையாளம்னு எழுதிக் குடுத்தேன். படிச்சாங்களா?"

"படிச்சாங்க."

அவள் பெட்டியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். சோறு போட்டாள், விளக்கை அணைத்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலை ஆறு மணிக்கு அவர் அடுப்படிக்குப் போனார். ஒளிக்க வேண்டியது இல்லாததால் கல்வம் மேடைமேலேயே இருந்தது. வழக்கம்போல் பொடித்தார், கலக்கினார், கொண்டுபோய் மேஜையில் அவள் முன்னால் வைத்தார். அவள் கோப்பையைப் பார்த்தாள். தொடவில்லை. ஆவி அடங்கத் தொடங்கியது.

அந்த மாத்திரை நூறு பேரில் எத்தனை பேருக்குக் கேட்கும், எத்தனை நாளில் கேட்கும் என்று மருந்துக்கடைக்காரர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதை இவள் வாய்வரைக்கும் கொண்டுபோக என்ன செய்வது என்று எந்த அட்டையிலும் அச்சடிக்கவில்லை. அவருக்குப் படித்ததெல்லாம் மறந்துபோனது. மதர், நான் உங்க பேரக் கெடுத்தவன்தான், என்னை என்ன வேணா பண்ணுங்க, இத மட்டும் இவ குடிச்சுடணும் என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டு நின்றார். மன்றாடுகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மனைவி நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கோப்பையைக் கையில் எடுத்தாள்.

"கும்பிட்ட கையக் கீழ போடுங்க. குடிக்கிறேன்."